குட்வில்லைக் கடையில் வாங்க முடியுமா?

"முப்பதே நாளில் கூகுளில் முதல் பக்கம், கியாரண்டி!" சொந்தமாக வலைத்தளம் வைத்திருக்கும் வியாபாரிக்கு இந்த மாதிரி மெயில் வராத வாரமே இருக்காது. வழுக்கையில் முடி வளர்க்கும் தைல விளம்பரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் காசு கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

சரி, இவர்கள் என்னதான் விற்கிறார்கள்? பெரும்பாலும் சுட்டிகளை. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை ரொம்ப எளிது. ஒரு தளத்துக்கு இன்னொரு தளம் கொடுக்கும் சுட்டி ஒரு சிபாரிசு மாதிரி. பெரிய மனிதர் செய்கிற சிபாரிசுக்கு மதிப்பு கூடுதல். இன்றைக்குக் கூகுள் பார்க்கிற விஷயங்கள் எவ்வளவோ கூடிவிட்டன, ஆனாலும் சுட்டிக்கு இருக்கும் மதிப்பு போய்விடவில்லை. மதிப்புள்ள பொருளுக்குக் கள்ளச் சந்தை வராமல் இருக்குமா? வந்துவிட்டது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது பழக்கமான சமாச்சாரம்தான். வருடக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டை அழகாகக் காட்டச் செய்யும் ஜோடனைக்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். ஆடிட்டர் வரும் வரைக்கும் எல்லாம் ஜோராக இருக்கும்.

ஆடிட்டர் வந்த மூன்று கதைகள் இதோ. மூன்றும் நடந்தது பிப்ரவரி மாதத்தில்.

2006: பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம். தேடுபொறிக்கு மட்டும் "பழைய கார்" என்ற சொல்லை அள்ளித் தெளித்த பக்கத்தைக் காட்டியது. மனிதர்கள் அதே பக்கத்துக்குப் போனால் வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. கூகுள் அந்தத் தளத்தையே பட்டியலிலிருந்து தூக்கியது.

2011: அமெரிக்காவின் ஜேசி பென்னி. கவுன், மெத்தை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலிடத்தில் அந்தக் கடைதான். சம்பந்தா சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்குச் சுட்டிகள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைத்தது. சாம்சோனைட் பயணப்பெட்டிக்கான தேடலில் 1-ஆம் இடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. "எங்களுக்கு எதுவும் தெரியாது" என்று சொன்ன கம்பெனி, தேடுபொறி வேலையைப் பார்த்துவந்த நிறுவனத்தை வெளியே அனுப்பியது.

2013: பிரிட்டனின் பூ வியாபாரி இன்டர்ஃப்ளோரா. வட்டாரப் பத்திரிகைகளின் தளங்களில் காசு கொடுத்துக் கட்டுரை மாதிரி விளம்பரம் போட்டு, அதற்குள் சுட்டியைச் செருகியது. அங்கே அன்னையர் தினம் வரப் போகும் நேரத்தில், "இன்டர்ஃப்ளோரா" என்று அதன் பெயரையே போட்டுத் தேடினாலும் தளம் வரவில்லை.

அப்புறம் என்ன ஆனது? பிஎம்டபிள்யூ சில நாளில் திரும்பி வந்தது. இன்டர்ஃப்ளோரா 11 நாளில். ஜேசி பென்னிக்குச் சுமார் மூன்று மாதம் ஆனது. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது" என்று மெயில்காரர்கள் சொல்வது இந்த இடத்தில்தான். பெரிய இடம் என்றால் மக்கள் பெயரைச் சொல்லித் தேடுவார்கள், அது வராவிட்டால் கூகுளுக்கும் சங்கடம். ஆனால் சின்னக் கடை காணாமல் போனால் தேடப் போவது யார்?

2012 ஏப்ரலில் கூகுள் பென்குயின் என்ற வடிகட்டியைக் கொண்டு வந்தது. இதில் முறையிட ஆளே கிடையாது. 2016 வரை, தவறைத் திருத்தினாலும் அடுத்த முறை வடிகட்டி ஓடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபரில் ஓடிய பிறகு மறுபடி ஓடியது 2016 செப்டம்பரில். கிட்டத்தட்ட இரண்டு வருடம்! இரண்டு வருடம் ஷட்டர் இறங்கிக் கிடந்தால் எந்தச் சின்ன வியாபாரி தாங்குவார்? சுட்டி விற்றவரோ காசை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார். லாபம் அவருக்கு, ரிஸ்க் முழுக்கக் கடைக்காரருக்கு. இப்படி ஓர் ஒப்பந்தத்தில் வேறு எந்தத் தொழிலிலாவது யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

"போட்டிக்கடைக்காரன் செய்கிறானே?" செய்யட்டும். எடைக்கல்லில் ஏமாற்றுகிறவனும் பிடிபடும் வரை லாபத்தில்தான் இருக்கிறான்.

கூகுள் ஒன்றும் தர்மதேவதை இல்லை. தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஒரே வீட்டுக்காரரை நம்பிக் கடை நடத்துகிறவர், கள்ளச் சாவி போடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

உருப்படியான வழி சுவாரசியமே இல்லாதது. வாடிக்கையாளர் கவுண்டரில் கேட்கும் கேள்விகளுக்குத் தளத்தில் ஒழுங்காகப் பதில் எழுதுவது, விலை, முகவரி, கடை நேரத்தைச் சரியாகப் போடுவது, மொபைலில் சீக்கிரம் திறக்கிற மாதிரி வைப்பது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று 2017-இல் கூகுள்காரர்களே சொன்னார்கள். முப்பது நாள் எங்கே, இது எங்கே?

சம்பாதித்ததைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. தானாக வளர்ந்த குட்வில்லை ஆஸ்தியாகக் காட்டக் கூடாது என்கிறது ஏஎஸ் 26. கணக்கில் வராத சொத்து என்பதாலோ என்னவோ, பலர் அதைப் பூட்டி வைப்பதே இல்லை. தளத்தின் டொமைன் டிசைனர் பெயரில் இருக்கும். புதுப்பிக்கும் தேதி ஒருவருக்கும் தெரியாது. தளத்தை மாற்றிக் கட்டும்போது பழைய பக்கங்களிலிருந்து புதியவற்றுக்கு 301 திருப்பிவிடலைப் போட மறப்பார்கள். சோதனைக்காகப் போட்ட "நோஇண்டெக்ஸ்" வரியை எடுக்காமலே விட்டுவிடுவார்கள். பத்து வருடப் பெயர் ஒரே வரியில் மறையும். சர்ச் கன்சோலை வாரம் ஒரு முறை திறந்து பார்த்தாலே இதில் பாதியைப் பிடித்துவிடலாம். அதற்குக் காசும் கிடையாது.

அடுத்த முறை அந்த முப்பது நாள் மெயில் வந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்தெந்தத் தளத்தில் சுட்டி போடுவீர்கள்? பட்டியல் அனுப்புங்கள்." அதற்கப்புறம் பதில் வராது :-)