பழவந்தாங்கலும் பிரதான்குண்டாவும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ஏதாவது ஒரு வீட்டு கேட்டுல 'இந்தி டியூஷன் எடுக்கப்படும்'னு போர்டு தொங்கும். நாலு வீடு தள்ளி 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' போர்டு. வாசல்ல நிக்கிற அம்மா அப்பாக்கள் கிட்ட ஒரு டயலாக் எப்பவும் ரெடியா இருக்கும்: "கணக்கெல்லாம் நல்லாத்தான் போடுறான் மிஸ், பாஷைதான் மண்டையில ஏற மாட்டேங்குது." பையன் பக்கத்துல நின்னு அதைக் கேட்டுகிட்டே இருப்பான். இந்தப் பதிவு அந்த டயலாக்குக்கு எதிரானது.

(இந்தி வேணுமா வேண்டாமாங்கிற பஞ்சாயத்து இங்க இல்ல சாமி. அது 1937லேர்ந்து நடக்குது, அதுக்குத் தனிப் பதிவே போடணும். இங்க பேசப்போறது எந்த பாஷைக்கும் பொருந்தும்.)

மொதல்ல ஒரு சின்ன சோதனை. கீழே இருக்கிறதை ஒரே ஒரு தடவை படிங்க. கண்ணை மூடிகிட்டு அதே வரிசையில சொல்லுங்க.

பராக்கர், குமார்துபி, முக்மா, தாப்பர் நகர், காலுபத்தான், சோட்டா அம்போனா, பிரதான்குண்டா.

எத்தனை வந்துச்சு? மூணு தாண்டினா நீங்க பெரிய ஆள். இப்ப இதைச் சொல்லுங்க: சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க இல்ல? மொதல்ல சொன்னது தன்பாத் போற லைன்ல வர்ற ஸ்டேஷன்கள். அந்த ஊர்க்காரர் அதை நம்மள மாதிரியே மளமளன்னு ஒப்பிப்பாரு. 'பழவந்தாங்கல்'னு சொன்னீங்கன்னா முழிப்பாரு. நமக்கு அது ஒரே ஒரு சொல். அவருக்கு ஏழெட்டு துண்டு சத்தம்.

இதுதான் மேட்டர். காதுல விழுந்த சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்க மண்டைக்குள்ள ஒரு சிலேட்டு இருக்கு. ஆங்கிலத்துல வெர்பல் வொர்க்கிங் மெமரிங்கிறாங்க. 1974ல ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு வரைபடமே போட்டாங்க. சத்தத்துக்கான பகுதியில சுமார் ரெண்டு செகண்டு பேச்சுதான் நிக்கும். அப்புறம் அழிஞ்சுடும். அழியாம இருக்க நாம மனசுக்குள்ளயே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிறோம். போன் நம்பரை முணுமுணுத்துகிட்டே பேனா தேடுறோமே, அதேதான்.

போன் நம்பருக்கும் பாஷைக்கும் என்ன சம்பந்தம்? 1988ல பேட்லியும் ரெண்டு இத்தாலிய ஆராய்ச்சியாளர்களும் ஒரு பெண்மணியைப் பத்தி எழுதினாங்க. பக்கவாதத்துக்கு அப்புறம் அவங்களுக்கு இந்த சத்த சிலேட்டு மட்டும் பழுது. அறிவு, பேச்சு எல்லாம் ஓகே. தெரிஞ்ச இத்தாலிய சொற்களை ஜோடி ஜோடியா கொடுத்தா மத்தவங்க மாதிரியே கத்துகிட்டாங்க. ஆனா ரஷ்ய சொற்களைக் காதால கேட்டுக் கத்துக்க முடியவே இல்ல. தெரிஞ்ச சொல்லுக்கு அர்த்தம் கை கொடுக்குது. புது சொல்லுக்கு அர்த்தமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. அது அந்த ரெண்டு செகண்டு சிலேட்டு வழியாத்தான் உள்ள போயாகணும். 1992ல பின்லாந்துல எலிசபெத் சர்வீஸ்ங்கிறவங்க செஞ்ச ஆய்வும் இதே பக்கம்தான். ஆங்கிலம் மாதிரி ஒலிக்கிற அர்த்தமில்லாத சொற்களைச் சரியா திருப்பிச் சொன்ன பசங்கதான் பின்னாடி ஆங்கிலத்துல நல்ல கிரேடு வாங்கினாங்க.

"அப்ப சிலேட்டு சின்னதா இருந்தா அவ்ளோதானா?"ன்னு கேப்பீங்க. அங்கதான் இருக்கு விஷயம். 2014ல சுமார் 3,700 பேரோட முடிவுகளை ஒண்ணு சேர்த்துப் பார்த்தாங்க. வொர்க்கிங் மெமரிக்கும் ரெண்டாவது மொழித் திறமைக்கும் உறவு இருக்கு. ஆனா அளவு 0.25 கிட்டதான். அதாவது இருக்கு, ஆனா தலையெழுத்து இல்ல. இன்னொண்ணு, இந்த சிலேட்டை இழுத்துப் பெருசாக்கலாம்னு சொல்ற மூளைப் பயிற்சி எல்லாம் அந்தப் பயிற்சியில மட்டும்தான் மார்க்கை ஏத்துது, படிப்புக்கு வந்து சேரலைன்னு 2013லயே ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தாச்சு. அதனால 'மெமரி பவர்' கிளாசுக்குக் கட்டுற காசுக்கு பையனுக்கு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்க.

சிலேட்டைப் பெருசாக்க முடியாது. அதுல எழுதுறதைச் சின்னதாக்கலாம். என் கட்சி இவ்ளோதான்.

நம்ம டியூஷன்ல நேர் எதிரா நடக்குது. பிராத்மிக்ல ஆரம்பிச்சு பிரவீண் வரைக்கும் பரீட்சைகள் வரிசையா நிக்குது, அதனால எழுத்துல ஆரம்பிக்கிறோம். நீளமான வாக்கியத்தை வேகமா சொல்லி எழுத வைக்கிறோம். எழுத்துக்கூட்டல், அர்த்தம், உச்சரிப்பு மூணையும் அந்த ரெண்டு செகண்டுல திணிக்கிறோம். எது நிக்கும்? அப்புறம் கட்டுரையை மனப்பாடம் பண்ணி பாஸ் பண்றான். விஷாரத் சர்டிபிகேட்டோட டெல்லி போய் தண்ணி கேக்கத் திணறுறான். பேச்சுங்கிறது வேற வேலை. எதிராளி சொன்னதைப் பிடிச்சு வச்சுகிட்டே நம்ம பதிலையும் கட்டணும்.

இதுல நம்ம காது வேற ஒரு சிக்கல் பண்ணும். இந்தியில சாப்பாடும் 'கானா', பாட்டும் 'கானா'. அவங்களுக்கு ரெண்டும் வேற வேற சத்தம், நம்ம எழுத்துல ஒண்ணு. பையன் காதுல அந்த வித்தியாசம் விழவே இல்லைன்னா சிலேட்டுல தப்பாத்தான் பதியும். இதை நாக்கும் காதும் பழகாம நோட்டுல நூறு தடவை எழுதி என்ன பிரயோஜனம்?

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. தாம்பரத்துல டீக்கடை, ஓட்டல், கட்டட வேலை எங்கயும் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, அசாம் பசங்க. போர்டு இல்ல, புக் இல்ல, பரீட்சை இல்ல. பல பேர் ஒரு வருஷத்துக்குள்ள தேவைக்குத் தமிழ் பேசிடுறாங்க. வயித்துப்பாடு ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா அவங்க கத்துக்கிற விதத்தைக் கவனிங்க. 'என்ன வேணும்', 'சில்லறை இல்ல', 'சூடா இருக்கு'. எல்லாமே ரெண்டு செகண்டுக்குள்ள அடங்குற துண்டு. ஒரு நாளைக்கு அம்பது தடவை, அர்த்தம் கண்ணு முன்னாடியே. கேட்டவுடனே சொந்த வாயால சொல்லியாகணும். வினை கடைசியில வர்றது தமிழுக்கும் இந்திக்கும் பொதுங்கிறதால, வாக்கியத்தைத் திருப்பிப் போடுற வேலையும் அந்த இந்திக்காரப் பசங்களுக்குக் கம்மி. 'நேத்து மார்க்கெட்ல மீன் வாங்கின அக்கா'வை நாம ஆங்கிலத்துக்குக் கொண்டு போகணும்னா அக்காவை முன்னாடி இழுத்து மீனைப் பின்னாடி தள்ளணும். அவ்வளவையும் பிடிச்சுகிட்டே தள்ளணும். ஸ்போக்கன் இங்கிலீஷ்ல நாக்கு தடுமாறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

அவங்களுக்கும் நம்ம பாஷை ஈசி இல்ல. இந்தியில குறில் எ, ஒ தனியா கிடையாது. 'கொடு'வும் 'கோடு'ம், 'பெட்டி'யும் 'பேட்டி'யும் அந்தக் காதுக்கு ஒண்ணாத்தான் விழும். ழகரத்தைப் பத்திக் கேக்கவே வேண்டாம், நம்மாளுங்களே பாதிப் பேர் கோட்டை விடுறாங்க! ஆனா ஓட்டல்ல நாம என்ன பண்றோம்? "தம்பி, ரெண்டு பொடி தோசை, ஒண்ணுல வெங்காயம் வேணாம், பார்சல், சட்னி தனியா கட்டிடு"ன்னு ஒரே மூச்சுல அடிக்கிறோம். பையன் முழிச்சா "தமிழ் தெரியாதா?"ன்னு ஒரு சத்தம். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியும். சிலேட்டு நிரம்பிடுச்சு, அவ்வளவுதான். நிறுத்தி நிறுத்திச் சொன்னா தோசையும் சரியா வரும், அவனுக்கும் நாலு வார்த்தை சேரும்.

இதெல்லாம் நம்ம பெரியவங்களுக்குத் தெரியாததும் இல்ல. வேத பாடசாலையிலயும் பிரபந்தம் கத்துக்கொடுக்கிற இடத்துலயும் 'சந்தை'ன்னு ஒரு முறை உண்டு. குரு ஒரு துண்டு சொல்வாரு, சிஷ்யர்கள் ரெண்டு தடவை திருப்பிச் சொல்லணும். மொதல்ல சின்ன துண்டு, பழகினப்புறம் பெரிய துண்டு. அளவு பார்த்து ஊட்டுற வித்தை அது. என்ன, அங்க அர்த்தம் பின்னாடிதான் வரும். பாஷை கத்துக்க அர்த்தமும் கூடவே வரணும்.

அதனால டியூஷன் எடுக்கிறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். முதல் மூணு மாசம் நோட்டை மூடி வைங்க. நாலு சொல் வாக்கியம் போதும். நீங்க சொல்லுங்க, பசங்க திருப்பிச் சொல்லட்டும், அடுத்த நாள் அதையே மறுபடி கேளுங்க. பேசுறப்ப எழுத வைக்காதீங்க, எழுதுறப்ப பேசாதீங்க. திருப்பிச் சொல்ல முடியாத பையனைப் பார்த்தா 'மக்கு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி வாக்கியத்தைப் பாதியா வெட்டிப் பாருங்க. எட்டு வயசுல 'உனக்கு பாஷை வராது'ன்னு காதுல விழுந்த வாக்கியம் ரெண்டு செகண்டுல அழியாது. அது வேற சிலேட்டு.

நீங்க ரெண்டாவது பாஷையில முழுசா வாயில வந்த முதல் துண்டு எது மக்களே? நம்ம பக்கம் நிறைய பேருக்கு ஸ்டேஷன் அறிவிப்புல வர்ற 'கிருப்யா த்யான் தே'வாத்தான் இருக்கும். கிளாசுக்கே போகாம, ரயிலுக்கு நின்னே கத்துகிட்டது!