கோப்பு தொலைந்தால் யார் குற்றவாளி?

செஞ்சி வட்டத்தில் ஒரு விவசாயியின் பட்டாவில் உட்பிரிவு தவறாக ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1980களின் யு.டி.ஆர். எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் நேர்ந்த இத்தகைய பிழைகள் தமிழகமெங்கும் இன்னும் தீராத தலைவலி. திருத்தம் கேட்டால், யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டை, அதாவது கிராம நிலப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். தாலுகா அலுவலகப் பதிவறையிலிருந்து 'அந்தப் பதிவேடு காணவில்லை' என்று பதில் வந்துவிட்டால், பாட்டன் காலத்து நிலம் அந்தரத்தில் தொங்கும்.

தொலைத்தவருக்குத் தண்டனை உண்டா?

அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பார்க்கிறது சட்டம். நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்துவிடக் கூடாது என்றே ஆவணத்தை அழித்தவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பிறருக்குக் கேடு வரும் என்று தெரிந்தே ஆவணத்தைத் தவறாக எழுதும் அரசு ஊழியர் 201-ஆவது பிரிவில் சிக்குவார். வெறும் கவனக்குறைவு என்றால் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி 17(பி) குறிப்பாணை, துறை விசாரணை. இந்தப் பாகுபாடு நியாயமானது. கறையான் அரித்த பதிவேட்டுக்காக ஓர் எழுத்தரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது.

அரசின் ரகசியம் என்று வந்தால் மட்டும் தராசு வேறு பக்கம் சாய்கிறது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில், ரகசிய ஆவணத்தை உரிய கவனத்தோடு காக்கத் தவறுவதே குற்றம். அதன் 3-ஆவது பிரிவோ, தீய நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்தே ஊகித்துக்கொள்ள இடம் தருகிறது. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-இல் இச்சட்டத்தின் கீழ் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். அதற்கு ஆதாரமில்லை என்று 1996-இலேயே சிபிஐ கூறிவிட்டது. ஆனாலும் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2018 ஆகிவிட்டது.

அரசின் காகிதத்துக்குக் கவனக்குறைவே குற்றம். குடிமகனின் காகிதத்துக்கு நோக்கத்தை நிரூபித்தாக வேண்டும். இந்த இரட்டை அளவுகோல் மாற வேண்டும். நோக்கத்தை நிரூபிக்காமல் ரகசியச் சட்டத்தில் யாரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது.

நில ஆவணங்களிலோ, சிறையைவிட வேண்டியது ஆவணம் கைமாறியதன் தடயம். கோப்பைக் காணவில்லை என்று சொல்லித் தகவல் அறியும் உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது, விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியது. தமிழக வருவாய்த் துறை இதையே நடைமுறையாக்கலாம். பதிவேடு யார் கைக்குப் போனது, என்று திரும்பியது என்பது கையெழுத்தோடு பதிவாக வேண்டும். காணாமல் போனால் குறித்த கெடுவுக்குள் விசாரணை முடிய வேண்டும். வேறு அலுவலகப் பிரதிகளிலிருந்து அதை மீட்டுத் தரும் வேலையை வட்டாட்சியர் ஏற்க வேண்டும். அதற்காக விவசாயியை அலையவிடக் கூடாது.