கையில் படம் இருந்தும் வழி தெரியவில்லையே!

மாணவ நண்பர்களே, துறையூரிலிருந்து பச்சைமலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறாதவர்கள் இப்போது மனத்தால் ஏறுங்கள். உங்கள் கையில் மலையின் நில அளவைப் படம் இருக்கிறது. ஓடை, ஒற்றையடிப் பாதை, சிற்றூர் எல்லாம் அதில் உண்டு. பாதி தூரத்தில் வழி தவறிவிட்டது. உடன் வந்த நண்பர் ஒரு கருவியைப் பார்த்து, "வட அட்சரேகை 11 பாகை 16 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை 34 கலையில் நிற்கிறோம்" என்கிறார். சொன்னது சரியே. ஆனால் கோடுகளை எண்ணி, கணக்குப் போட்டு, படத்தில் இடம் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிடுமே! படத்தின் மேலேயே ஒரு புள்ளி தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

இயந்திரங்களுக்குள் பொதிந்திருக்கும் சிறு கணினிகளைச் சரிசெய்பவர்கள் நிலையும் இதுதான். மலையடிவாரத் தோட்டத்துப் பம்புசெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தானியங்கி ஸ்டார்ட்டருக்கு ஒரு நிரல் எழுத வேண்டும். முதலில் தாளில் நான்கு கட்டங்கள் வரையலாம்: 'நிற்கிறது', 'காத்திருக்கிறது', 'ஓடுகிறது', 'பழுது'. மின்சாரம் வந்ததும் முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஓர் அம்பு. மூன்று பேஸும் நிலையாக இருந்தால் மூன்றாவதற்கு. ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டால் 'பழுது'. இல்லையேல் மோட்டார் கருகிவிடும்.

இப்படிப்பட்ட நிலைப்படங்களைச் சிக்கலான இயந்திரங்களுக்கும் ஏற்றவாறு வளர்த்தவர் இஸ்ரேல் நாட்டுக் கணினி அறிஞர் டேவிட் ஹாரெல். 1980-களில் ஒரு போர் விமானத்தின் மின்னணு அமைப்பை வடிவமைக்க உதவியபோது அவர் இம்முறையைக் கண்டார். இன்று படத்தை வரைந்தால் போதும். நிரலை மென்பொருளே எழுதித் தருகிறது.

நிரல் சிப்புக்குள் போயிற்று. ஆனால் மோட்டார் ஓடவில்லை! உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வாசல் உண்டு. அதற்கு ஜேடாக் என்று பெயர். 1990-இல் தரப்படுத்தப்பட்ட இது, முதலில் மின்சுற்றுப் பலகையின் இணைப்புகளைச் சோதிக்க வந்தது. பிறகு சிப்பை நிறுத்தி நினைவகத்தைப் படிக்கவும் பயன்பட்டது. நான்கே கம்பிகள் போதும். ஆனால் 'டிபக்கர்' என்னும் பிழை தேடும் கருவி அதன் வழியே தருவது என்ன? "இந்த முகவரியில் 2 என்ற எண் இருக்கிறது." மலையில் நண்பர் சொன்ன பாகையும் கலையும் போலத்தான்!

படத்திலிருந்து நிரலை உண்டாக்கும் மென்பொருளுக்கு எந்தக் கட்டம் எந்த எண்ணாயிற்று என்பது தெரியும். அந்தப் பட்டியலை டிபக்கரிடம் கொடுத்துவிட்டால், அது 2-ஐப் படித்தவுடன் திரையில் 'காத்திருக்கிறது' என்ற கட்டம் ஒளிரும். மூன்றாவது பேஸின் செய்தி வந்து சேரவில்லை என்று உடனே ஊகிக்கலாம். இவ்வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. அது சிலருக்கு மட்டும் கிடைக்கும் சிறப்பு வசதியாக இராமல், எல்லோருக்கும் உரிய அடிப்படைக் கருவியாக வேண்டும் என்பதே என் கருத்து.

ஓடுவதைக் கண்ணால் பார்ப்பது ஏன் முக்கியம்? 1997 ஜூலை 4-ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாட்களில் தானாகவே மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பியது. அவசர வேலைக்கே முதலிடம் என்பதுதான் திட்டம். ஆனால் அவசர வேலைக்குத் தேவையான பூட்டு ஒன்றைக் கீழ்நிலை வேலை பிடித்திருந்தது. நடுத்தர வேலைகள் குறுக்கே புகுந்து அதை முடிக்கவிடவில்லை. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில், நடப்பவற்றை வரிசையாகப் பதிவு செய்து பார்த்த பின்பே குட்டு வெளிப்பட்டது. திருத்தம் வானொலி அலைகளில் செவ்வாய்க்குப் போயிற்று.

"படத்திலேயே எல்லாம் தெரிந்தால் மாணவன் சிப்பின் உள்மொழியைக் கற்கமாட்டானே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிரல் எழுதும் மென்பொருளே தவறு செய்தால், எண்களுக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் இருட்டில் தடவ வேண்டுமா? மேலும், சிப்பை நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. ஆகவே நிறுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. ஓடும்போதே பதிவு செய்து படத்தில் காட்டவும் வேண்டும்.

இந்தப் பாலத்தை நாமே கட்டலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழுவின் 'சக்தி' நுண்செயலிகள் 2018-இல் சிப்புகளாக வெளிவந்தன. அவற்றின் அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பும், அதற்கான டிபக்கர் விதிமுறையும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

டிபக்கர் இல்லையே என்று தயங்காதீர்கள். பள்ளி ஆய்வகத்துச் சிறு பலகையில், படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எல்.இ.டி. விளக்கை இணையுங்கள். அந்த நிலைக்கு வரும்போது அந்த விளக்கு எரியுமாறு நிரல் எழுதுங்கள். நான்கு சிறு விளக்குகள்தாம். ஆனால் நீங்கள் வரைந்த படமும் ஓடுகிற கருவியும் அங்கே முதன்முறையாக ஒன்றோடொன்று பேசும். செய்து பார்ப்பீர்களா?