போன் பேசும்போது திரை கறுத்துப்போகிறதா? டிஸ்ப்ளேயை மாற்றும் முன் இதைப் படியுங்கள்!

ஈரோட்டில் ஒரு வீடு. கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே வாரம். பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மாவோடு அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு, "சரிங்க சம்பந்தி, வெச்சுடறேனுங்க" என்று போனைக் காதிலிருந்து எடுத்தார். திரை கன்னங்கரேலென்று இருந்தது. கால் கட் ஆகிவிட்டது என்று நினைத்து, போனை டேபிளில் வைத்துவிட்டு கணவர் பக்கம் திரும்பினார். "பந்திக்கு இன்னும் இருநூறு பேர் கூடுமாம். கேக்கறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று ஆரம்பித்து, மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

டேபிளில் இருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது. "நான் இன்னும் லைன்லதான் இருக்கேனுங்க சம்பந்தி."

கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் அந்த இருநூறு பேருக்கும் மறுபேச்சில்லாமல் இலை போட வேண்டியதாயிற்று.

மறுநாள் போனைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். "டிஸ்ப்ளே போயிடுச்சுக்கா, மாத்தணும். 3,500 ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர். கல்யாண நேரத்தில் இது வேறயா என்று வீட்டுக்குத் திரும்பினால், காலேஜ் போகும் மகன் போனை வாங்கிப் பார்த்தான். திரையின் மேல் ஓரத்தில், டெம்பர்டு கிளாஸுக்கு அடியில் பவுடரும் தூசியும் கோடு போட்டதுபோல் படிந்திருந்தன. கிளாஸை உரித்து, மெல்லிய துணியால் துடைத்தான். அவ்வளவுதான், போன் சரியாகிவிட்டது. செலவு, ஒரு பழைய டெம்பர்டு கிளாஸ்.

திரையை அணைப்பது யார்?

போனில் பேசும்போது திரை அணைவது பழுதே அல்ல. அது அணையத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கன்னம் பட்டே கால் கட் ஆகும், மியூட் ஆகும், பேட்டரியும் வீணாகும். இதற்காகவே பெரும்பாலான போன்களில், காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'ப்ராக்ஸிமிட்டி சென்சார்' என்ற குட்டிக் கண் ஒன்று இருக்கிறது. 2007-ல் வந்த முதல் ஐபோனிலேயே இது இருந்தது.

வேலை எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை இது வெளியே அனுப்பும். சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கன்னமோ காதோ வந்தால் கதிர் அதில் பட்டுத் திரும்பி வரும். உடனே திரை அணையும். போனைக் காதிலிருந்து எடுத்தால் கதிர் திரும்பி வராது. திரை எரியும்.

சென்சாரின் முன்னால் அழுக்கு படிந்துவிட்டால்? கதிர் அந்த அழுக்கிலேயே பட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும். போனை டேபிளில் வைத்தாலும் 'இன்னும் கன்னத்தில்தான் இருக்கிறோம்' என்று சென்சார் நினைத்துக்கொள்ளும். திரை எரியாது. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் கேட்கும்போது திடீரென்று திரை கறுப்பதும், சத்தம் சின்னதாகிப்போவதும் இதே காரணத்தால்தான்.

ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கால் பேசாத நேரத்தில் திரை நன்றாக வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் டிஸ்ப்ளேயில் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

1. துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் துணியால் திரையின் மேல் பகுதியை, ஸ்பீக்கர் ஓட்டையைச் சுற்றி நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, ஃபேஸ் கிரீம், மஞ்சள், விபூதி எல்லாம் அங்கேதான் ஒட்டும். ஊசி, பின் எதையும் வைத்துக் குத்த வேண்டாம்.

2. டெம்பர்டு கிளாஸைக் கழற்றிப் பாருங்கள். வேறு மாடலுக்கான கிளாஸை ஒட்டியிருந்தால் அதன் கறுப்பு ஓரம் சென்சாரை மூடியிருக்கலாம். ஓரத்தில் காற்றுக் குமிழி, பசை இருந்தாலும் இதே தொல்லைதான். மூடி போட்ட ஃப்ளிப் கவரையும் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள்.

3. சோதனை செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது கால் செய்து, ஸ்பீக்கர் போடாமல், போனின் மேல் பகுதியைக் கையால் மூடுங்கள். திரை அணைய வேண்டும். கையை எடுத்தால் எரிய வேண்டும். சாம்சங் போன்கள் பலவற்றில் *#0*# என்று டயல் செய்தாலும், ஷாவ்மி, ரெட்மி போன்களில் *#*#6484#*#* என்று டயல் செய்தாலும் சென்சாரைச் சோதிக்கும் பக்கம் திறக்கும். யாரோ அனுப்பிய வேறு குறியீடுகளைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

4. ரீஸ்டார்ட், அப்டேட். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் காத்திருந்தால் செய்துவிடுங்கள். 2010-ல் ஐபோன் 4 வந்தபோது, பேசும்போதே கன்னம் பட்டு கால் கட் ஆகிறது என்று பலர் புலம்பினார்கள். செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 4.1 அப்டேட்டில்தான் அந்தச் சென்சார் கோளாறுக்குத் தீர்வு வந்தது.

சில போன்களில் இந்தக் கண்ணே கிடையாது. 2016-ல் வந்த ஷாவ்மி மி மிக்ஸ், காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட் ஒலியை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து முகத்தைக் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட போன்களில் ஸ்பீக்கர், மைக் ஓட்டைகளை கவர் அடைக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதியில் மாட்டிக்கொண்டால்?

கார்டு தொலைந்து வங்கிக்குப் பேசுகிறீர்கள். 'தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்' என்கிறது மறுமுனை. திரையோ இருட்டு. அந்த நேரத்தில் துணியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு வழி, கால் செய்தவுடனே, திரை கறுப்பதற்கு முன்பே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவது. ஸ்பீக்கர் போட்டிருந்தாலோ, ஹெட்செட் மாட்டியிருந்தாலோ பொதுவாக இந்தச் சென்சார் வேலை செய்யாது. திரை எரிந்தபடியே இருக்கும். ஏற்கெனவே கறுத்துவிட்டதா? ஹெட்செட்டைச் செருகிப் பாருங்கள்.

காலை கட் செய்ய முடியவில்லை என்பதற்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் செட்டிங்ஸுக்குள் போய், 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் 'பவர் பட்டன் எண்ட்ஸ் கால்' என்பதை ஆன் செய்துவிட்டால், பவர் பட்டனை அழுத்தினாலே கால் கட் ஆகும். ஐபோனில் பக்கவாட்டு பட்டன் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்யும். வயதான அம்மா அப்பாவின் போனில் இதை இன்றைக்கே செய்து, ஒருமுறை அழுத்தியும் காட்டிவிடுங்கள். பேசும்போது தெரியாமல் அந்தப் பட்டனை அழுத்தினாலும் கட் ஆகும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கடைக்குப் போனால்...

இத்தனையும் செய்தும் சரியாகவில்லை என்றால், உள்ளே சென்சாரே பழுதாகியிருக்கலாம். "டிஸ்ப்ளே வேலை செய்யலை" என்று சொல்லாமல், "கால் பேசும்போது மட்டும் திரை எரிய மாட்டேங்குது, ப்ராக்ஸிமிட்டி சென்சாரைப் பாருங்க" என்று சொல்லுங்கள். சமீபத்தில் டிஸ்ப்ளே மாற்றிய பிறகு இந்தத் தொல்லை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மாற்றும்போது சென்சாரைச் சுற்றி இருக்கும் சின்ன ரப்பரைத் திரும்ப வைக்காமல் விட்டாலும் கதிர் உள்ளேயே சிதறி இப்படி ஆகும். அந்தக் கடைக்காரரிடமே திரும்பிப் போய்க் கேட்கலாம். வாரன்டி இருக்கும் போன் என்றால் நேராக சர்வீஸ் சென்டர்தான்.

அதுவரைக்கும் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். திரை கறுத்தால் கால் கட் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்!