நாகலிங்கத்தின் உறவு மரம்

நாகலிங்கப் பூவை அறியாத பிள்ளைகள் நம்மிடையே மிகச் சிலரே. கோயில் வீதியில் அதனைக் கண்டு, படமெடுத்த பாம்பு போன்ற அதன் அமைப்பை வியந்திருப்பீர்கள். அம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. அங்குள்ள அமேசன் பெருங்காட்டிலே அதே குடும்பத்தைச் சேர்ந்த மரம் வேறொன்று உண்டு. பிறேசில் கொட்டை மரமாகிய அதனைப் பற்றியே இவ்வாரம் நாம் கூறப்போகிறோம். கடைகளில் விற்கும் கலப்புப் பருப்புகளிடையே, மூன்று விளிம்புள்ள நீண்ட பருப்பை உங்களுட் சிலர் சுவைத்துமிருக்கலாம்.

இம்மரம் 50 மீற்றர் வரை உயரும். நெடிய தென்னைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியதற்கு ஒப்பாகும். காய் முற்றுவதற்குப் பதினான்கு மாதங்கள் வேண்டும். உரித்த தேங்காயளவான அக்காய், மரக்கட்டை போல் வன்மையானது. 2 கிலோ வரை நிறையுடையது. அதனுள்ளே தோடம்பழச் சுளைகள் அடுக்கியிருப்பது போல 10 முதல் 25 வரையான விதைகள் இருக்கும். மாரி காலத்தில் அது தலைமேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையாற் கொட்டை பொறுக்குவோர், பெரும்பாலான காய்கள் விழுந்து முடிந்த பின்னரே மரத்தடிக்குச் செல்வர்.

மனிதர் இவ்வோட்டைக் கத்தியால் வெட்டித் திறக்கின்றனர். காட்டிலே அதனைத் திறக்க வல்லது அகூட்டி என்னும், முயலளவான கொறிக்கும் விலங்கு. உளி போன்ற பற்களாற் குடைந்து, சில விதைகளைத் தின்று, எஞ்சியவற்றைப் பஞ்ச காலத்துக்கென மண்ணிற் புதைத்து வைக்கும். புதைத்த இடமெல்லாம் அதற்கு நினைவில் நிற்பதில்லை. (பாடத்தை மறந்த மாணவர் இதனைச் சான்று காட்டவேண்டாம்!) அவ்வாறு விடப்பட்ட விதைகளுட் சில, ஓராண்டுக்கு மேல் மண்ணிற் கிடந்து முளைக்கின்றன.

பூவும் எளிதிற் திறவாது. அதன் இறுகிய மூடியைத் தூக்கி உள்ளே நுழைவதற்குப் பெரிய, வலிய தேனீக்களாலேயே இயலும். காய்ப்பதற்கு வேறொரு மரத்தின் மகரந்தமும் வேண்டும். அதனைச் சுமந்து வருவனவும் அத்தேனீக்களே. கொட்டை மரம் பூவாத மாதங்களில் அவை காட்டின் ஏனைய பூக்களை நம்பி வாழ்கின்றன. உலகச் சந்தைக்கு வரும் இக்கொட்டைகளிற் பெரும்பகுதி இன்றும் தோட்டத்தில் விளைந்ததன்று, காட்டிற் பொறுக்கியதே.

1994ஆம் ஆண்டிலே பிறேசில் அரசு, காட்டில் இயற்கையாய் வளர்ந்த இம்மரங்களை வெட்டலாகாதென ஆணையிட்டது. ஆயினும் மாடு மேய்ப்பதற்காகச் சுற்றியுள்ள காடு பல இடங்களில் அழிக்கப்பட்டது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே கொட்டை மரம் மட்டும் தனித்து நிற்கும். பூக்கும், தேனீக்கள் வருவது குறைவு. தப்பித் தவறி ஒரு காய் விழுந்தாலும், அதனைக் குடைந்து விதையைப் புதைப்பதற்கு அங்கே அகூட்டி இல்லை.