புது வீட்டுச் சாவி கிடைச்சாச்சு... குறைகளை எப்போ பார்க்கணும்?

பல ஆண்டு காத்திருந்து வாங்கிய பிடிஓ வீடு. சாவி கைக்கு வந்தாச்சு. அடுத்து என்ன? பலர் உடனே புதுப்பிப்புக் குத்தகையாளருக்கு ஃபோன் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்க. முதலில் வீட்டைச் சோதிக்கணும்.

காரணம் எளிது. புதுப்பிப்பு வேலை தொடங்கிய பிறகு தரையில் ஒரு கீறலைப் பார்க்கிறீர்கள். அது வீட்டைக் கட்டியவர் விட்டுச்சென்றதா, புதுப்பிக்க வந்த ஊழியர் போட்டதா? நிரூபிப்பது கஷ்டம்.

எத்தனை நாள் அவகாசம்?

வீவக வீடுகளுக்கு மூன்று விதமான உத்தரவாதம் உண்டு:

- பொதுவான குறைகள்: 1 ஆண்டு
- கழிவறை, சமையலறைக் கூரையில் நீர்க்கசிவு, வெளிச்சுவர் வழியாக நீர் ஊறுவது: 5 ஆண்டு
- கான்கிரீட் பெயர்ந்து விழுவது: 10 ஆண்டு

அந்த ஓராண்டு, சாவி வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது. குடியேறிய நாளிலிருந்து அல்ல. "ஆடி முடியட்டும், நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த மாதங்களும் கணக்கில் போய்விடும். புதுப்பிப்பு வேலைக்கே 3 மாதம் வரை ஆகலாம்.

எதையெல்லாம் பார்க்கணும்?

- தரை: ஓடுகளை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றிடச் சத்தம் கேட்டால் அடியில் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை.
- கழிவறை: ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா?
- சன்னல், கதவு: எல்லாவற்றையும் திறந்து மூடுங்கள். மழை நாளில் சன்னல் ஓரங்களைத் தொட்டுப் பாருங்கள்.
- மின்சாரம்: ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஃபோன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

குறை உள்ள இடத்தில் டேப் ஒட்டி, எண் போட்டு, படம் எடுங்கள். பட்டியலைப் பேட்டையில் உள்ள கட்டடச் சேவை நிலையத்தில் கொடுங்கள்.

கழிவறையில் கூடுதல் கவனம் தேவை. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு சேதமாகாமலிருக்க, கட்டடம் முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்கு அங்குள்ள தரை, சுவர் ஓடுகளைப் பெயர்க்க அனுமதி இல்லை. 'பிறகு நாமே மாத்திக்கலாம்' என்று விட்டுவிட முடியாது.

காசு கொடுத்து ஆள் வைக்கணுமா?

கட்டாயமில்லை. தனியார் சோதனையாளர்கள் சில நூறு வெள்ளி கேட்கலாம். நேரமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கு அது உதவும். ஆனால் ஆள் வைத்தாலும் வைக்காவிட்டாலும், உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்ப்பு இலவசம்.

எல்லாக் கீறலும் ஆபத்தல்ல. சுவர்ப் பூச்சு காயும்போது வரும் முடியளவு விரிசல் கட்டடத்தின் உறுதியைப் பாதிக்காது. பதற்றம் வேண்டாம், ஆனாலும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கொண்டோ வாங்கியவர்களுக்கு?

அங்கேயும் 12 மாதம்தான். புகார் கொடுத்த ஒரு மாதத்துக்குள் மேம்பாட்டு நிறுவனம் சரிசெய்யணும். செய்யாவிட்டால், பழுதுபார்க்க எவ்வளவு செலவாகும் என்று அதற்கு எழுத்து மூலம் தெரிவித்து 14 நாள் அவகாசம் தரலாம். அப்போதும் நடக்காவிட்டால் நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்து, அந்தச் செலவை நிறுவனத்திடம் கேட்கலாம். அதனால் வாய்வார்த்தை போதாது. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஒருமுறை பார்த்தால் போதுமா?

போதாது. பழுதுபார்த்த இடத்தை மறுபடி சோதித்த பிறகே புதுப்பிப்பைத் தொடங்குங்கள். கதவு தொங்குவது, வடிகால் அடைப்பது போன்றவை வாழ்ந்து பார்த்த பிறகுதான் தெரியும். சாவி வாங்கிய 10ஆம் மாதத்துக்கு இப்போதே ஃபோனில் ஒரு நினைவூட்டல் போட்டுவையுங்கள். ஓராண்டு முடிந்த மறுநாள் கண்ணில் படும் குறைக்கு, செலவு உங்கள் பையிலிருந்துதான்.