அறிந்தும் ஆற்ற முடியாதார்

நம்மிடம் முன்னர்க் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி சென்ற வாரம் நம் இல்லத்துக்கு வந்திருந்தாள். அரசாங்க வைத்தியசாலை ஒன்றிலே தாதியாகப் பணி புரிகின்றாள். பேச்சு 2022 ஆம் ஆண்டின்மேற் சென்றது. டொலர்ப் பஞ்சத்தால் மருந்துகளை இறக்குமதி செய்ய இயலாது நம் நாடு தவித்ததை வாசகர் மறந்திரார். மார்ச் மாத இறுதியிலே பேராதனைப் போதனா வைத்தியசாலை, அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. சிசுக்களின் சுவாசத்துக்குரிய குழாய்கள், ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியவை, அவற்றையும் கழுவித் தொற்று நீக்கி வைக்கும் நிலை வந்தது.

விடுதியில் இல்லாத மருந்தின் பெயரைத் துண்டில் எழுதி, வெளியில் வாங்கி வரும்படி உறவினரிடம் கொடுப்பது அந்நாட்களில் இவளுடைய வேலையாயிற்று. கூலித் தொழில் செய்யும் தந்தை ஒருவர் துண்டைப் பார்த்து, "எவ்வளவு வரும், மிஸ்?" என்று வினவினாராம். விலை இவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டாள். மாலையில் அவர் பாதி மருந்துடன் திரும்பினார்.

"பிள்ளை சுகமாய்ப் போட்டுது, சேர். ஆனால் அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னனான்?"

வாய்மை என்ற பொருளில் அவளுக்குக் கட்டுரை எழுதப் பயிற்றியவர் நாமே. விடை கூற நமக்கு நா எழவில்லை.

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் அன்ட்ரூ ஜேம்ற்றன், தாதியர் ஒழுக்கவியல் பற்றி 1984 இல் வெளியிட்ட நூலிலே, இத்தகைய நிலைக்கு ஒரு பெயர் இட்டார். 'அறவேதனை' என நாம் தமிழிற் கூறலாம். செய்யத்தக்கது எது என்பதில் ஐயமில்லை. நிறுவனத்தின் நிலையே அதனைச் செய்யவிடாது தடுக்கின்றது. இது களைப்பு அன்று. களைப்பு உறக்கத்தால் நீங்கும். இதுவோ உறங்கப் போகும்போதே விழித்துக்கொள்வது.

இதற்கு மனவுறுதிப் பயிற்சி வகுப்புகள் நடத்துவோர் உளர். நடத்தட்டும். ஆனால் வகுப்பு மருந்தைக் கொண்டு வராது. மருந்து இல்லை என்பதை வீட்டாருக்கு அறிவிக்கும் பொறுப்பை மேலிடத்தார் தாமே ஏற்காது, இரவுக் கடமையில் தனித்து நிற்கும் தாதியின் தலையிற் சுமத்துவது முறையன்று என்பதே நம் கருத்து.

இப்பொழுதும் சில மருந்துகளுக்குத் துண்டு எழுத நேர்கின்றதாம். கேட்குமுன்னரே விலையைச் சொல்லிவிடுகின்றாள். அதைக் கேட்டதும் துண்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகின்றவர்களும் உளராம்.